கான்ராட் 30: மூன்றாண்டு ஒப்பந்தமும் முப்பதாண்டு விளைச்சலும்

அமெரிக்கக் குடியேற்றச் சட்டங்களில் இரு கட்சியினரும் ஒருசேரப் பாராட்டுவது அரிது. வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் 1994-ல் கொண்டுவந்த மருத்துவர் விலக்குத் திட்டம் அந்த அரியவற்றுள் ஒன்று. மருத்துவர் இல்லாத ஊருக்கு மருத்துவர் கிடைக்கிறார். நாடு திரும்ப வேண்டியவருக்குத் தங்க வழி கிடைக்கிறது. அரசுக் கருவூலத்துக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. எல்லோருக்கும் ஆதாயம் என்று சொல்லப்படும் ஏற்பாட்டில்தான், அதன் விலையை யார் கொடுக்கிறார் என்ற கேள்வி எளிதில் விடுபட்டுப் போகிறது. அந்தக் கேள்வியின் முன் இத்திட்டம் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறது என்பதே இங்கு நாம் எடைபோட வேண்டியது.

ஏற்பாட்டின் உருவம் எளிது. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் அமெரிக்காவில் உரிமம் பெற, பொதுவாக அங்கேயே ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி செய்தாக வேண்டும். அதற்கு வரும் அயல்நாட்டவரில் பெரும்பாலோர் ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் வருகிறார்கள். பயிற்சி முடிந்தபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் வாழ்ந்த பிறகே எச்-1பி வேலை விசாவோ நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டோ பெறலாம் என்பது அந்த விசாவோடு வரும் நிபந்தனை. மருத்துவர் பற்றாக்குறை உள்ளதாகக் கூட்டாட்சி அரசு அறிவித்த பகுதியில் மூன்று ஆண்டு, வாரத்துக்கு 40 மணி நேரம் பணிபுரிய ஒப்புக்கொண்டால், மாநிலச் சுகாதாரத் துறையின் பரிந்துரையின் பேரில் அந்த நிபந்தனை நீக்கப்படும். விலக்கு கிடைத்த 90 நாளுக்குள் எச்-1பி விசாவில் பணியில் சேர வேண்டும். ஆண்டுக்கு ஒரு மாநிலம் 30 பேரைப் பரிந்துரைக்கலாம். பெயரில் ஒட்டியிருக்கும் எண் அதுவே.

இந்த உருவம் ஒரே மூச்சில் வார்க்கப்பட்டதன்று. 1976-ம் ஆண்டின் மருத்துவக் கல்வி உதவிச் சட்டம், நாட்டில் மருத்துவர் பற்றாக்குறை இனி இல்லை என்று அறிவித்துவிட்டு, பயிற்சிக்கு வரும் அயல்நாட்டு மருத்துவர் அனைவர்மீதும் திரும்பிச் செல்லும் நிபந்தனையைச் சுமத்தியது. நகரங்களில் மருத்துவர் பெருகியபோதும் சமவெளிச் சிற்றூர்களிலும் அப்பலாச்சிய மலையூர்களிலும் அவர்கள் பெருகவில்லை. வேளாண் துறை, அப்பலாச்சிய வட்டார ஆணையம் போன்ற கூட்டாட்சி அமைப்புகள் மட்டுமே விலக்குக் கேட்க முடிந்த நிலையை மாற்றி, 1994-ல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் 20 இடம் தரப்பட்டது. 2002-ல் அது 30 ஆனது. அதே ஆண்டு, செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய சூழலில், வேளாண் துறை இப்பணியிலிருந்து விலகிக்கொண்டது. சுமை மாநிலங்கள்மீது இறங்கியது. 1976-ன் கணிப்பு தவறென்று எந்தக் காங்கிரசும் அறிவிக்கவில்லை. கணிப்பைச் சட்டத்தில் அப்படியே வைத்துக்கொண்டு அதில் ஒரு வாயில் வெட்டினார்கள். கான்ராட் திட்டத்தின் சாமர்த்தியம் அத்தனையும் அந்த வெட்டில் இருக்கிறது. அதன் பலவீனம் அத்தனையும்கூட.

மதிப்பீட்டுக்கு ஐந்து அளவுகோல்கள் போதும். தேவையுள்ள இடத்துக்கு மருத்துவர் போய்ச் சேர்கிறாரா? சேர்ந்ததால் விளைந்தது என்ன? அவரை நகர்த்தும் விசை நேர்மையானதா? அவரை இழக்கும் நாட்டோடு சட்டம் எப்படிக் கணக்குத் தீர்க்கிறது? சுற்றியுள்ள பிற சட்டங்களோடு இது இசைந்து நிற்கிறதா?

சென்றடைதல்

முதல் அளவுகோலில் திட்டத்தின் வலிமை தெளிவாகத் தெரிகிறது. எந்த ஊருக்கு, எந்தப் பிரிவில் ஆள் வேண்டும் என்ற முடிவை வாஷிங்டன் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. மகப்பேறு மருத்துவர் முதலா, மனநல மருத்துவர் முதலா என்பது மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தெரிந்த அளவு குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிய வாய்ப்பில்லை. எச்-1பி விசாவின் ஆண்டு உச்சவரம்பும் குலுக்கலும் இந்த மருத்துவர்களைத் தொடுவதில்லை. எனவே ஒரு சிறிய மருத்துவமனை குலுக்கல் முடிவுக்குக் காத்திராமல் திட்டமிட முடிகிறது. முடிவெடுப்பவரிடம் தகவல் இருக்க வேண்டும், ஏற்பவரிடம் உறுதி இருக்க வேண்டும் என்ற இரண்டு நல்ல நிர்வாக விதிகளும் இங்கே கடைப்பிடிக்கப்பட்டுள்ளன. பயன்பாடும் உண்மையானது. காங்கிரசின் கணக்காய்வு அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2006-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2003 முதல் 2005 வரை ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலக்குக் கோரிக்கைகள் வந்தன. அவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது மாநிலங்களிடமிருந்து வந்தவை.

ஒதுக்கீட்டுக் கணக்குக்கு வரும்போது இந்தத் தெளிவு மங்குகிறது. ஆறு லட்சம் மக்கள்கூட இல்லாத வயோமிங்குக்கும் 30. நான்கு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவுக்கும் 30. இதற்கு ஒரு நியாயம் உண்டு. தலைக்கணக்கில் பிரித்தால் பெரிய மாநிலங்கள் அள்ளிக்கொள்ளும். யாரும் தேடிப் போகாத சிறிய மாநிலம் மீண்டும் வரிசையின் கடைசியில் நிற்கும். மாநிலத்துக்கு இரண்டு செனட்டர் என்ற அரசமைப்பின் தர்க்கமே இங்கும் செயல்படுகிறது. மக்கள்தொகை குறைந்த மாநிலத்தின் செனட்டர் எழுதிய சட்டம் வேறு எப்படி இருக்கும்? ஆனால் சமமான அடித்தளம் ஒன்று, சமமான உச்சவரம்பு வேறொன்று. முதலாவது சிறிய மாநிலத்தைக் காக்கிறது. இரண்டாவது யாரையும் காக்கவில்லை. சில மாநிலங்களில் விண்ணப்பக் காலம் தொடங்கிய சில வாரங்களிலேயே 30 இடமும் தீர்ந்துவிடும்; வேறு சிலவற்றில் இடம் மீந்து, ஆண்டு முடிவில் காலாவதியாகும். மீந்ததைத் தேவையுள்ள மாநிலத்துக்கு மாற்றிவிடும் வழி சட்டத்தில் இல்லை. தேவையை மையமாக வைத்துப் பேசும் சட்டத்தின் மையக் கணக்கில் தேவை என்ற மாறியே இடம்பெறவில்லை.

இன்னொரு திருத்தமும் அவசியம். இதைக் கிராமப்புற மருத்துவர் திட்டம் என்றே பேச்சு வழக்கில் புகழ்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பற்றாக்குறைப் பகுதி என்பது, ஏறத்தாழ 3,500 பேருக்கு ஒரு முதல்நிலை மருத்துவர்கூட இல்லாத வட்டாரம். சில வேளை அது வட்டாரமாக இல்லாமல் ஒரு மக்கள் பிரிவாகவோ ஒரு நிறுவனமாகவோகூட இருக்கலாம். பெருநகரத்தின் ஏழைப் பேட்டையும் அதில் அடங்கும். இது குறையன்று. நகரத்து ஏழைக்கும் மருத்துவர் வேண்டும். ஆனால் நகரமும் மலையூரும் ஒரே தட்டில் வைக்கப்படும்போது, தேர்வுரிமை உள்ள மருத்துவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் மர்மம் இல்லை. தொலைவுக்கேற்பச் சலுகை கூடும் ஏற்பாடு எதுவும் கான்ராட் சட்டத்தில் கிடையாது.

நெகிழ்வு இடங்களும் இதே இரட்டைத் தன்மை கொண்டவை. அறிவிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே இருந்தாலும் அங்கிருந்து வரும் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகளுக்கு 2004-ல் ஐந்து இடங்களும் 2008-ல் பத்து இடங்களும் அனுமதிக்கப்பட்டன. புற்றுநோய் மருத்துவரைச் சிற்றூரில் அமர்த்துவதால் பயனில்லை. கருவியும் குழுவும் உள்ள வட்டார மருத்துவமனையில் அமர்த்தினால்தான் சிற்றூர் நோயாளிக்குப் பயன். இந்த வாதம் சரியானது. ஆனால் அந்த நோயாளி உண்மையில் வந்தாரா என்று பின்னர் சரிபார்க்கும் கூட்டாட்சி நெறிமுறை இல்லாததால், சரியான வாதமே வசதியான வாதமாக மாறும் இடைவெளி திறந்திருக்கிறது. மேற்சொன்ன 2006 அறிக்கையின் காலத்திலேயே மாநிலக் கோரிக்கைகளில் பாதிக்கும் குறைவானவைதான் முதல்நிலை மருத்துவத்துக்கு மட்டும் என்று இருந்தன. சிறப்பு மருத்துவம் தேவையற்றது என்று இதற்குப் பொருளில்லை. திட்டத்தின் விளம்பரமும் திட்டத்தின் நடப்பும் வேறு வேறு என்பதே பொருள்.

விளைவை அளத்தல்

வெளிநாட்டில் படித்தவர் தரம் குறைந்தவர் என்ற பழைய ஐயம் இன்றைய விவாதத்தில் நிற்கும் தகுதியை இழந்துவிட்டது. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட, மெடிகேர் என்னும் முதியோர் அரசுக் காப்பீடு பெற்ற நோயாளிகளை ஒப்பிட்டது. வெளிநாட்டில் படித்த பொதுமருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 30 நாள் இறப்பு விகிதம் 11.2 விழுக்காடு, அமெரிக்காவில் படித்தவர்களிடம் 11.6 விழுக்காடு. வேறுபாடு சிறிது, திசை தெளிவு. எனவே கேள்வி மருத்துவரின் தரத்தைப் பற்றியதன்று, திட்டத்தின் தரத்தைப் பற்றியது.

அங்கேதான் ஆய்வாளர் கை வெறுமையாகிறது. விலக்குப் பெற்ற மருத்துவர்கள் எங்கே, எவ்வளவு காலம், யாருக்குப் பணிபுரிகிறார்கள் என்று நாடு முழுமைக்குமான தரவை எந்த அமைப்பும் திரட்டவில்லை என்று பொறுப்புடைமை அலுவலகம் 2006-ல் சுட்டிக்காட்டி, திரட்டுமாறு பரிந்துரைத்தது. சில மாநிலங்கள் தம் அளவில் கணக்கெடுக்கின்றன; சில ஆய்வாளர்கள் ஒரு மாநிலத்தை எடுத்துக்கொண்டு தங்கியோர், போனோர் என்று எண்ணியிருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் நிறைவேற்றம் என்பது ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று ஆண்டு கழிவதே. மருத்துவர் அமர்த்தப்பட்டதை அது எண்ணுகிறது. மருத்துவம் நடந்ததை எண்ணுவதில்லை.

பின்னே எதை எண்ணுவது? ஒப்பந்தக் காலம் முடிந்தபின் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதே பலரும் சொல்லும் விடை. கேட்கச் சரியாக இருக்கிறது. இரண்டு திசையிலிருந்து உடைகிறது. முதலாவது, தங்குதல் எப்போதும் விருப்பத்தின் சான்றன்று. பற்றாக்குறைப் பகுதியில் மொத்தம் ஐந்து ஆண்டு பணிபுரிந்தால் தேசிய நலன் விலக்கின் வழியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க இன்னொரு சட்டம் வழி செய்கிறது. இந்தியாவில் பிறந்தவர் அதற்குப் பிறகும் நாட்டு வரம்புக்குட்பட்ட வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். அதுவரை எச்-1பி விசாவின் கயிற்றில் இருப்பவர் அதே ஊரில் நீடித்தால், அவரைப் பிடித்து நிறுத்தியது ஊரா வரிசையா என்று எண்ணிக்கை சொல்லாது. கட்டாயத்தையும் பற்றையும் கலந்து ஒரே விகிதமாகத் தரும் ஆய்வு, தான் அளந்தது இன்னதென்று அறியாத ஆய்வு.

இரண்டாவது, விட்டுப்போதல் எப்போதும் தோல்வியின் சான்றன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆபிரகாம் வர்கீஸ், கான்ராட் சட்டத்துக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவர். 1980-களின் பிற்பகுதியில் டென்னசி மாநிலத்தின் ஜான்சன் சிட்டியில் தொற்றுநோய் மருத்துவராக எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்தார். அந்த அனுபவம் 1994-ல் ‘மை ஓன் கன்ட்ரி’ என்ற நூலானது. சில ஆண்டுகளில் அவரும் அந்த ஊரை விட்டுச் சென்றார். தங்கிய ஆண்டுகளை மட்டும் எண்ணும் ஏட்டில் அவர் பெயர் இழப்புப் பக்கத்தில் விழும். ஊரே அஞ்சி ஒதுங்கிய ஒரு நோயோடு வந்தவர்களுக்கு, அந்தச் சில ஆண்டுகளில் ஒரு மருத்துவர் இருந்தார் என்ற உண்மை அந்த ஏட்டில் எங்கே பதியும்? தடுக்கக்கூடிய மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததா, நோயாளி பயணப்படும் தொலைவு குறைந்ததா, ஒருவர் போனபின் அடுத்தவர் வரும்வரை இடம் எவ்வளவு காலம் காலியாக இருந்தது: இவைதான் அளவுகோல்கள். மூன்றும் அளக்கக்கூடியவை. முப்பது ஆண்டில் ஒன்றையும் சட்டம் கேட்கவில்லை.

விசையின் நேர்மை

மருத்துவரை நகர்த்தும் விசை எது? சம்பளமா, தொண்டுள்ளமா, ஊரின் அழைப்பா? மூன்றும் சிலருக்கு இருக்கலாம். சட்டம் நம்பியிருப்பது நான்காவதை: நாடு திரும்ப வேண்டிய நிபந்தனை. அது இல்லையென்றால் திட்டமும் இல்லை. சொந்த நாட்டு இளம் மருத்துவரை அனுப்ப முடியாத இடத்துக்கு, மறுக்கும் வலுவற்ற அயல்நாட்டு மருத்துவரை அனுப்புவதே இதன் இயங்குமுறை.

இதை அடிமைத்தனம் என்று வருணிப்போரோடு நாம் உடன்பட வேண்டியதில்லை. மருத்துவர் ஏமாற்றப்படுவதில்லை, நிபந்தனையும் காலமும் முன்கூட்டியே தெரியும். எச்-1பி விசா விதிப்படி வட்டார ஊதியத்துக்குக் குறைவாகத் தர முடியாது. மூன்று ஆண்டு மிகையான காலமும் அன்று. முதிர்ந்த ஒருவர் கண்ணறிந்து செய்யும் பேரம் என்ற வாதத்துக்கு எடை உண்டு.

ஆனால் பேரத்தின் நேர்மை, அது தொடங்கும் இடத்தைப் போலவே அது முறியும் இடத்திலும் சோதிக்கப்பட வேண்டும். மூன்று ஆண்டு முடியும் முன் வேலை மாற, தவிர்க்க முடியாத சூழ்நிலை என்று மருத்துவரே மெய்ப்பிக்க வேண்டும்; மெய்ப்பித்தாலும் மீதிக் காலத்தை இன்னொரு பற்றாக்குறைப் பகுதியில்தான் கழிக்க வேண்டும். தவறினால் பழைய இரண்டாண்டு நிபந்தனை உயிர்பெற்று வரும். 2010-க்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டுள்ளன. அப்படி ஒன்று மூடப்பட்டால், எச்-1பி மருத்துவருக்கு விதி தரும் சலுகைக் காலம் அதிகபட்சம் 60 நாள். நொடிந்த நிறுவனத்தின் தோல்விக்கு மருத்துவரின் குடும்பம் பெட்டி கட்டும் நிலை, பேரத்தின் இரு தரப்பும் சமமல்ல என்பதைக் காட்டப் போதுமானது. மருத்துவர்களைப் பற்றாக்குறைப் பகுதியில் காட்டிவிட்டு வேறிடங்களில் நீண்ட நேரம் வேலை வாங்கியது பற்றி ‘லாஸ் வேகாஸ் சன்’ நாளிதழ் 2007-ல் நெவாடா மாநிலத்திலிருந்து தொடராக எழுதியது. தீயவர் சிலர் எங்கும் இருப்பர் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. புகார் செய்தால் விசா போகும் என்ற அச்சம் சட்டத்தின் கட்டமைப்பிலேயே இருக்கும்போது, முறைகேடு தனிமனிதக் குற்றமாக மட்டும் இருப்பதில்லை.

கோவிட் காலம் இந்தக் கட்டமைப்பை வெளிச்சத்தில் நிறுத்தியது. 2020-ல் அடுத்த மாவட்ட மருத்துவமனை ஆளில்லாமல் திணறியபோது, ஒரே பணியிடத்துக்குக் கட்டுப்பட்ட எச்-1பி மருத்துவர் அங்கே போய் உதவ முடியவில்லை. குடியேற்றத் துறை அந்த ஆண்டு மே மாதத்தில் தற்காலிகத் தளர்வுகள் தந்தது; தொலைமருத்துவமும் அவற்றில் அடக்கம். தளர்வு வந்தது நன்று. பற்றாக்குறையைப் போக்க வந்தவரைப் பற்றாக்குறை உச்சத்தில் கட்டிவைத்த விதி, தளர்வுக் காலம் முடிந்ததும் மாற்றமின்றித் திரும்பியது.

இழக்கும் நாடு

நான்காவது அளவுகோலில் சட்டம் மிகத் தெளிவாகத் தோற்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் இதைப் பெரும்பாலும் ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. ஜே-1 விசா பெற, மருத்துவரின் நாட்டுச் சுகாதார அமைச்சகம் ஒரு கடிதம் தர வேண்டும். இந்தத் துறையில் எங்களுக்கு ஆள் தேவை, பயிற்சி முடிந்ததும் திரும்புவதாக இவர் எழுத்துமூலம் உறுதியளித்துள்ளார் என்பது அக்கடிதத்தின் சாரம். பிற ஜே-1 பயணிகளுக்கு, தாய்நாடு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் விலக்குப் பெற வாய்ப்புண்டு. மருத்துவப் பயிற்சிக்கு வந்தவருக்கு அந்த வழி அடைக்கப்பட்டுள்ளது. ஆனால் கான்ராட் விலக்கு தரும்போது, தாய்நாட்டு அரசு பயிற்சிக்குப் பணம் கொடுத்திருந்தாலொழிய, அதன் கருத்து கேட்கப்படுவதே இல்லை. விடுவிக்க விரும்பினாலும் தாய்நாட்டால் விடுவிக்க முடியாது. விடுவிக்க விரும்பாவிட்டாலும் அதைக் கேட்பாரில்லை. உறுதிமொழியை வாங்கும் நாடும் அதைக் கலைக்கும் நாடும் ஒன்றே.

மருத்துவருக்கு நாடு விட்டுப் போகும் உரிமை உண்டு. அதை மறுக்கும் வாதம் எதையும் இங்கே முன்வைக்கவில்லை. அரசுக் கல்லூரியில் மக்கள் வரிப்பணத்தில் படித்தவர் என்பதும் அந்த உரிமையைப் பறிக்காது. பிழை மருத்துவருடையதன்று, சட்டத்துடையது. 2010-ல் உலகச் சுகாதார அமைப்பு ஏற்ற நெறிமுறை, மருத்துவப் பணியாளரை ஈர்க்கும் நாடு இழக்கும் நாட்டுக்கு ஈடாக ஏதேனும் செய்ய வேண்டும் என்று கேட்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தமன்று. அமெரிக்காவுக்கு அதிக மருத்துவர்களைத் தரும் நாடுகளில் ஒன்றான பாகிஸ்தான், மருத்துவப் பணியாளர் பற்றாக்குறையால் பாதுகாப்புத் தேவைப்படும் நாடுகள் என்று அந்த அமைப்பு 2023-ல் வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது, இந்தியா இல்லை. இந்த வேறுபாடு கான்ராட் விலக்கில் எள்ளளவும் பிரதிபலிப்பதில்லை. தன் நாட்டுப் பற்றாக்குறைப் பகுதியை வட்டாரம் வட்டாரமாக அளந்து அறிவிக்கும் சட்டம், பிறநாட்டுப் பற்றாக்குறையை ஒரு கடிதத்தின் சம்பிரதாய வாசகமாகச் சுருக்கிவிட்டது.

ஒத்திசைவு

தனித்து நின்றால் பாராட்டத்தக்க ஒரு விதி, தன் அண்டை விதிகளோடு மோதினால் மதிப்பிழக்கும். 1997-ம் ஆண்டுச் சமநிலை வரவுசெலவுச் சட்டம், மெடிகேர் நிதியில் நடக்கும் ரெசிடென்சி இடங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. 2021-ம் ஆண்டு நிதிச் சட்டம் ஆயிரம் இடம் கூட்டியது தவிர, அந்த வரம்பு பெரிதாக அசையவில்லை. 2036-க்குள் 86,000 மருத்துவர் வரை பற்றாக்குறை வரக்கூடும் என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2024-ல் மதிப்பிட்டது. ஐம்பது மாநிலமும் முழுமையாகப் பயன்படுத்தினாலும் கான்ராட் திட்டம் ஆண்டுக்குத் தருவது 1,500 பேர். பயிற்சி வாயிலை ஒரு கையால் குறுக்கிவிட்டு மறு கையால் விலக்கு வழங்குவது கொள்கை ஆகாது. கொள்கையின் இடத்தை நிரப்பும் பழக்கம்.

குடியேற்ற வரிசையோடு உள்ள மோதல் இன்னும் கடுமையானது. ஆண்டு மொத்தத்தில் ஒரு நாட்டுக்கு ஏழு விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பால், இந்தியாவில் பிறந்த தகுதியாளர்களின் கிரீன் கார்டு வரிசையான இபி-2 2025-ல் 2013-ம் ஆண்டு விண்ணப்பங்களிலேயே நின்றது. மூன்று ஆண்டும் முடித்து, ஐந்து ஆண்டும் முடித்து, தேசிய நலனுக்கு உகந்தவர் என்று அரசே சான்றளித்தவரும் இந்த வரிசைக்கு வெளியே நிறுத்தப்படுவதில்லை. இதற்கிடையே அவர் பிள்ளைகள் 21 வயதைக் கடந்து, சார்ந்திருப்போர் என்ற தகுதியை இழக்கலாம். எந்த நாட்டவருக்கு இரண்டாண்டு நிபந்தனை பொருந்தும் என்று சொல்லும் பரிமாற்றத் திறன் பட்டியல் 2024 டிசம்பரில் திருத்தப்பட்டு இந்தியா அதிலிருந்து நீக்கப்பட்டபோது, ஜே-1 விசாவில் வந்த பிற துறையினர் பலர் இரண்டாண்டு நிபந்தனையிலிருந்து விடுபட்டார்கள். மருத்துவருக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை. அவர்மீதான நிபந்தனை பட்டியலைச் சாராமல் நேரே சட்டத்திலிருந்து வருகிறது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. நாட்டுக்குள்ளேயே விசா வகை மாறுவோருக்கு அது பொருந்தாது என்று பின்னர் விளக்கம் வந்ததால் கான்ராட் மருத்துவர்களில் பெரும்பாலோர் தப்பினர். வெளிநாட்டிலிருந்து நேரே ஆளெடுக்க எண்ணிய சிறிய மருத்துவமனைகள் சிக்கின. டென்னசி 2023-ல் தொடங்கிவைத்த வழியில், அமெரிக்க ரெசிடென்சி இல்லாமலே தகுதியுள்ள அயல்நாட்டு மருத்துவருக்குத் தற்காலிக உரிமம் தரும் மாநிலங்கள் பெருகுகின்றன. உரிமம் மாநிலத்தின் கையில், விசா வாஷிங்டனின் கையில். ஒரு கதவைத் திறப்பவர் மற்றதைத் திறக்க முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வினோதம்: முப்பது ஆண்டு கடந்தும் இந்தத் திட்டம் தற்காலிகமானது. சட்டத்தில் காலாவதித் தேதி உண்டு. அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு செலவுச் சட்டத்தின் வாலில் கட்டி நீட்டிக்கப்படுகிறது. தற்காலிகம் என்பதற்குள்ள ஒரே நியாயம், மறுபுதுப்பிக்கும்போது மறுபரிசீலனை நடக்கும் என்பது. நீட்டிப்பு மீண்டும் மீண்டும் வந்தது, பரிசீலனை வரவில்லை. நிலையின்மையின் தீங்கு முழுதும் கிடைத்தது, அதன் பயன் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஓர் ஒப்பீடு

இதே சிக்கலுக்கு ஆஸ்திரேலியா வேறு வடிவம் கொடுத்தது. அங்கே 1997 முதல், வெளிநாட்டில் படித்த மருத்துவர் பத்து ஆண்டு வரை, மெடிகேர் என்றே பெயர்கொண்ட அந்நாட்டுக் காப்பீட்டில் கட்டணம் பெற வேண்டுமானால் பற்றாக்குறைப் பகுதியில் பணிபுரிய வேண்டும். கட்டுப்பாடு விசாவில் இல்லை, காப்பீட்டுக் கணக்கில் இருக்கிறது. குடியுரிமை பெற்றாலும் அது தொடரும். ஒப்பிட்டால் ஆஸ்திரேலிய முறை கால அளவில் கொடியது. ஆனால் வடிவமைப்பில் நுட்பமானது: தொலைவு கூடக் கூட ஆண்டுகள் குறையும், வெகு தொலைவில் பணிபுரிவோருக்குப் பத்து ஐந்தாகும். ஊருக்கு ஊர் வேறுபாடு காணும் கண் அதற்கு உண்டு. அவர்கள் நாடாளுமன்றக் குழு ஒன்று 2012-ல் அயல்நாட்டு மருத்துவர் படும் அலைக்கழிப்பைத் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. தன் கொடுமையைத் தானே ஆராயும் துணிவும் அதற்கு இருந்தது. கான்ராட் திட்டம் காலத்தில் இரக்கமுள்ளது, பார்வையில் மந்தமானது. இரண்டின் நல்ல பாதியையும் எடுத்தால் ஒரு முழுச் சட்டம் கிடைக்கும்.

தீர்ப்பு

சென்றடைதலில் திட்டம் தேறுகிறது, கணக்குப் பிழைக்கான கழிவோடு. விளைவில் தேர்ச்சியா தோல்வியா என்று சொல்ல முடியாதபடி அது தன்னையே அளக்காமல் விட்டிருக்கிறது. அளக்காததும் ஒரு வகைத் தோல்வியே. விசையின் நேர்மையில் தொடக்கம் தேறுகிறது, முறிவு தேறவில்லை. இழக்கும் நாட்டோடு உள்ள கணக்கில் தோல்வி ஐயத்துக்கிடமற்றது. ஒத்திசைவில் திட்டத்தின் குறையைவிட அதைச் சூழ்ந்த சட்டங்களின் குறை பெரிது. ஆயினும் அந்தச் சூழலையே மூலதனமாக்கி வாழும் திட்டம் முழுக்க நிரபராதி ஆகாது.

கூட்டிப் பார்த்தால் கான்ராட் 30 நல்ல கருவி. கொள்கையாக அது முற்றுப்பெறவில்லை. ரத்துசெய்ய வேண்டும் என்போர், மூடப்படும் மருத்துவமனைக்கும் நோயாளிக்கும் மாற்று எதுவும் காட்டவில்லை. 30-ஐ 35 ஆக்கினால் போதும் என்போர், வடிவமைப்பின் பிழையை எண்ணிக்கையால் மூட நினைக்கிறார்கள். காங்கிரசில் பலமுறை வைக்கப்பட்டு நிறைவேறாமல் நிற்கும் மறுபுதுப்பிப்பு மசோதாவில் எண்ணிக்கை உயர்வைவிட மதிப்புள்ள பகுதி, ஒப்பந்தப் பாதுகாப்புகளைப் பற்றியது: அழைப்புப் பணி நேரத்துக்கு வரம்பு, போட்டித் தடைக்கூற்றுக்குத் தடை. அதோடு இன்னும் நான்கு சேர வேண்டும். மீந்த இடம் தேவையுள்ள மாநிலத்துக்குப் போக வேண்டும். தொலைவுக்கேற்பக் காலம் குறைய வேண்டும். சேவை முடித்தவர் நாட்டு வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட வேண்டும். பெறும் ஒவ்வொரு மருத்துவருக்கும் ஈடாக, இழக்கும் நாட்டின் பயிற்சி இடங்களுக்கு அமெரிக்கா நிதி தர வேண்டும்.

இவற்றுள் மூன்றாவதற்குத்தான் திட்டத்தின் நண்பர்கள் அஞ்சுவார்கள். கிரீன் கார்டு கையில் வந்தால் மருத்துவர் ஊரை விட்டுப் போய்விடுவார் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலை உண்மையாக இருக்கலாம். அப்படியென்றால் இத்தனை ஆண்டு திட்டத்தின் வெற்றியாகக் காட்டப்பட்டது, வரிசையின் நீளம்தான் என்று ஒப்புக்கொள்ள நேரும். கவலை பொய்யாக இருந்தால், கட்டு அவிழ்ந்தபின்னும் தங்கும் மருத்துவர்களே திட்டத்தின் முதல் நம்பத்தக்க சான்று ஆவார்கள். எது உண்மை என்று அறியும் சோதனையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நீட்டிப்பும், தன் வெற்றியைத் தானே நம்பாத ஒரு சட்டத்தின் நீட்டிப்பே.